குவியும் மின்னஞ்சல்களும் குறைபடும் கவனமும்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் முதுநிலைப் பொருளாதாரம் பயின்ற மாணவி ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். பரிந்துரைக் கடிதம் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அக்கடிதத்தை மாணவர் கையில் எழுதிக் கொடுப்பதில்லை. பல்கலைக்கழகத்தின் கணினியே பரிந்துரைப்பவருக்கு ஓர் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும். அதைத் திறந்து கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். அந்த மின்னஞ்சல் எனக்கு வந்தது, நான் பார்க்கவில்லை. துணிக்கடைத் தள்ளுபடிகள், வங்கி விளம்பரங்கள், முன்பின் அறியாத ஆய்விதழ்களின் அழைப்புகள் ஆகியவற்றுக்கு நடுவே அது புதைந்து கிடந்தது. கண்டெடுத்தபோது கெடு முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. 'ஐயாவை மறுபடியும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்' என்றார் அந்த மாணவி. அவர் மீண்டும் விண்ணப்பிக்க ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

அன்று என் அஞ்சல்பெட்டியில் படிக்கப்படாதவை என்று காட்டிய எண் 11,000-ஐத் தாண்டியிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால், விசாரித்தபோது என் வயதுடைய நண்பர்கள் பலருடைய நிலையும் அதுவாகவே இருந்தது.

இக்குவியலுக்குக் காரணம் நம் சோம்பல் மட்டுமன்று. 50 காசு அஞ்சலட்டை எழுதுபவர்கூட அந்தக் காசையும் எழுதும் நேரத்தையும் தாமே செலவிட வேண்டும். அதனால், எழுதுவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார். மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்புவதற்கும் ஒரு லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் இடையே செலவில் பெரிய வேறுபாடு இல்லை. பொருளியலின் மொழியில், அனுப்புபவரின் இறுதிநிலைச் செலவு ஏறத்தாழ சுழியம். படிப்பது, பிரிப்பது, அழிப்பது என எஞ்சிய செலவு முழுவதும் பெறுபவர் தலையில் விழுகிறது. ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடுபவர் அதன் செலவை ஆற்றங்கரையில் வாழ்பவர்மீது சுமத்துவதைப் போன்ற புறவிளைவு இது.

ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பு வழியே முதல் மின்னஞ்சலை அனுப்பியது 1971-இல். தகவல் பெருகப் பெருக, அத்தகவல் உட்கொள்ளும் பண்டமான மனிதக் கவனம் அரிதாகும் என்று ஹெர்பர்ட் சைமன் எழுதிய கட்டுரை வெளியானதும் அதே 1971-இல்தான். சைமன் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றது 1978-இல். அதே ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவு, அன்றைய அர்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மடல் அனுப்பியது. வேண்டாத மொத்த மின்னஞ்சலின் வரலாறு அதிலிருந்தே தொடங்குவதாகச் சொல்வார்கள்.

ஜிமெயில் 2004 ஏப்ரலில் 1 ஜிபி இடத்துடன் வந்தபோது, ஹாட்மெயில் 2 எம்பி மட்டுமே தந்துகொண்டிருந்தது. அதுவரை இடமின்மையே நம்மை அழிக்க வைத்தது. அதன்பின் எதையும் அழிக்கத் தேவையில்லை என்றாயிற்று. கோப்புகளோடு வாழ்ந்து பழகிய என் போன்றோர் இதற்குக் கண்ட விடை, கோப்புறைகள். துறை, தேர்வு, ஊதியம், கருத்தரங்கு, வைப்பு நிதி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புறைகளை வைத்திருந்தேன். விடைத்தாள் திருத்திய ஊதியம் பற்றிய மடலைத் தேர்வில் வைப்பதா, ஊதியத்தில் வைப்பதா? வைத்தபின் எங்கே வைத்தோம் என்பதை நினைவில் கொள்வது எப்படி?

ஐபிஎம் ஆய்வாளர்கள் 345 பேரின் மின்னஞ்சல் பழக்கத்தை ஆராய்ந்து 2011-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பழைய மடல்களைத் திரும்பத் தேடிய சுமார் 85,000 செயல்களை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டனர். கோப்புறைகளில் அடுக்கி வைத்தவர்கள், தேடல் வசதியைப் பயன்படுத்தியவர்களைவிட அதிக நேரம் செலவிட்டார்கள். கூடுதலாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அடுக்குவதற்குச் செலவான நேரம் தனிக் கணக்கு. இதைப் படித்த பிறகு என் கோப்புறைகளைக் கைவிட்டேன். அனுப்பியவர் பெயர், ஏதேனும் ஒரு சொல், ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற மூன்றில் இரண்டு தெரிந்தால் போதும். தேடல் வசதி சில நொடிகளில் மடலைக் கொண்டுவந்து தருகிறது.

இருப்பினும், அந்த மாணவிக்கு நேர்ந்த இழப்பைத் தேடல் தடுத்திருக்காது. வந்திருக்கிறது என்று தெரிந்ததைத்தான் தேட முடியும். பழையதைக் கண்டுபிடிப்பது ஒரு சிக்கல். புதியதைக் கவனிப்பது வேறொரு சிக்கல். மின்னஞ்சலை ஒழுங்குபடுத்தச் சொல்லப்படும் யோசனைகளில் பல இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றன. முதலாவதற்குக் கருவி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. உழைப்பை இரண்டாவதில்தான் செலவிட வேண்டும்.

கவனிக்க வேண்டுமானால் வரத்து குறைய வேண்டும். ஒரே நாளில் 5,000-க்கும் மேற்பட்ட மடல்களை அனுப்பும் நிறுவனங்கள், ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ளும் வசதியைத் தர வேண்டும் என்று ஜிமெயில் 2024-இல் விதித்தது. நாமாகச் சேர்ந்த கடைகளிலிருந்தும் செயலிகளிலிருந்தும் இவ்வகையில் விலகிவிடலாம். முற்றிலும் அறியாதவர் அனுப்பிய மடலில் உள்ள 'விலகு' இணைப்பை மட்டும் தொடக் கூடாது. இம்முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே உறுதிசெய்ததாகிவிடும்.

எஞ்சியவற்றுக்கு வடிகட்டிகள் உள்ளன. அவுட்லுக்கில் இதற்கு 'விதிகள்' என்று பெயர். இன்னாரிடமிருந்து அல்லது இன்ன சொல்லுடன் வரும் மடலை இப்படிக் கையாள் என்று ஒருமுறை கட்டளையிட்டால் போதும். என்னிடம் இரு வகை வடிகட்டிகள் உள்ளன. ஒன்று, விளம்பரங்களையும் செய்திமடல்களையும் கண்ணில் படாமல் தனியே ஒதுக்குவது. மற்றொன்று அதற்கு நேர்மாறானது: பரிந்துரை என்பதற்கான ஆங்கிலச் சொற்கள், வருமான வரித் துறை, ஓய்வூதிய அலுவலகம், வங்கி ஆகியவற்றின் முகவரிகள் எங்கு தென்பட்டாலும், அம்மடலை ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாமல் நட்சத்திரக் குறியிட்டு முன்னே நிறுத்துவது. பலரும் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டாவதே முக்கியமானது.

வருமான வரியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கணக்கைத் தாக்கல் செய்தபின் 30 நாள்களுக்குள் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். கணக்கில் குறைபாடு உள்ளதாக அறிவிப்பு வந்தால், அதைத் திருத்த 15 நாள்கள் அவகாசம். இவ்வறிவிப்புகள் பதிவுசெய்த மின்னஞ்சலுக்குத்தான் வருகின்றன. ஓய்வூதியர் பலர் அங்கே தங்கள் முகவரிக்குப் பதிலாக, கணக்கைத் தாக்கல் செய்த ஆலோசகரின் முகவரியையோ வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் முகவரியையோ தந்திருக்கிறார்கள். எந்த வடிகட்டியும் அவர்களுக்கு உதவாது. முதலில் முகவரியை மாற்ற வேண்டும். வரித் துறையின் பெயரில் போலி மடல்களும் உலவுவதால், மடலில் உள்ள இணைப்பைத் தொடாமல் துறையின் இணையதளத்தில் நேரடியாக நுழைந்து பார்ப்பதே நல்லது.

பெட்டியைத் தாமே சுத்தம் செய்து தருவதாகச் சொல்லும் இலவசச் செயலிகளை நான் நாடுவதில்லை. அன்ரோல்.மீ என்ற அத்தகைய சேவையின் தாய் நிறுவனம், பயனர்களின் மடல்களிலிருந்து எடுத்த லிஃப்ட் வாடகைக்கார் ரசீதுத் தரவுகளைப் போட்டி நிறுவனமான ஊபருக்கு விற்றது 2017-இல் வெளிவந்தது. மடல்களை எந்த அளவுக்குத் திறந்து பார்க்கிறது என்பதில் பயனர்களை ஏமாற்றியதாக எழுந்த புகாரில், அச்சேவை 2019-இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் உடன்பாட்டுக்கு வந்தது. ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் உள்ள வசதிகளே பெரும்பாலோருக்குப் போதுமானவை. இரண்டு மூன்று முகவரிகளை வைத்திருப்பவர்கள், அவற்றை ஒரே இடத்தில் பார்க்க தண்டர்பேர்டு என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

பெட்டியை முற்றிலும் காலியாக்கும் 'இன்பாக்ஸ் ஜீரோ' முறைக்கு உலகெங்கும் பற்றாளர்கள் உண்டு. மெர்லின் மான் அப்பெயரைப் பரப்பியபோது, சுழியம் என்று அவர் குறித்தது மடல்களின் எண்ணிக்கையை அன்று. பெட்டிக்குள் சிக்கிக்கிடக்கும் நம் மனத்தின் அளவை. எண்ணிக்கையைத் துரத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான் செய்தது எளிது. ஒரு மாதத்துக்கு முந்தைய மடல்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் காப்பகத்துக்கு நகர்த்தினேன். எதுவும் அழியவில்லை, தேடினால் கிடைக்கும். பெரிய இணைப்புகள் கொண்ட மடல்களை மட்டும் அளவு வாரியாகத் தேடி அழித்தேன். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி, நம் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பிவிட்டால் புதிய மடல்கள் வந்து சேராமல் போகலாம்.

இப்போது காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பார்க்கிறேன். சனிக்கிழமைதோறும் ஸ்பேம் பெட்டியையும் ஒரு பார்வை பார்க்கிறேன். அதில் விழுந்தவை 30 நாள்களில் தாமாக அழிந்துவிடும்.

பரிந்துரை கேட்கும் மாணவர்களிடம் கெடு நாளைக் கேட்டு நாள்காட்டியில் குறித்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் கட்டாயம் அழைக்குமாறும், அதை நான் தொந்தரவாகக் கருதமாட்டேன் என்றும் சொல்லிவைக்கிறேன். கடந்த பருவத்தில் நால்வர் கேட்டிருந்தார்கள். மூவர் அழைத்தார்கள். தயங்கிய நான்காமவரை நானே அழைத்தேன்.