கமிஷன் இல்லை என்றால் காசு எங்கே போகிறது?

விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறையுமா என்று நாலு இணையதளங்களைப் புரட்டுகிறவர்கள்கூட, பணம் மாற்றும்போது கண்ணில் படும் முதல் கவுன்ட்டரிலேயே நின்றுவிடுகிறார்கள். புறப்படும் நேரத்துப் பரபரப்பு ஒரு காரணம். அங்கே தொங்கும் 'கமிஷன் கிடையாது' என்ற பலகை இன்னொரு காரணம். பலகையில் இருப்பது உண்மைதான். கமிஷன் என்று தனியாக அவர்கள் எதுவும் வாங்குவதில்லை. எடுக்க வேண்டியதை நாணயத்தின் விலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள்.

'ஒரு யூரோவுக்கு எத்தனை ரூபாய்' என்று கூகுளில் தட்டினால் ஒரு எண் வரும். பெரிய வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளி அது. கோயம்பேட்டில் மூட்டை கணக்கில் விற்கும் வெங்காய விலை தெருமுனைக் கடையில் கிடைக்காதது போல, இந்த விலையும் பயணிக்கு அப்படியே கிடைக்காது. ஆனால் மற்ற எல்லா விலையையும் அளந்து பார்க்க அதுதான் அளவுகோல். நாணய மாற்று நிறுவனத்தின் பலகையில் வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு வரிசை இருக்கும். நடு விலையிலிருந்து விற்கும் விலை எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அதுதான் பயணி உண்மையில் கொடுக்கும் கட்டணம்.

கணக்குக்கு எளிதாக, நடு விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 1,000 யூரோ தேவை. விமான நிலைய கவுன்ட்டர் 107 ரூபாய்க்கு விற்றால் அவர் 1,07,000 ரூபாய் கொடுக்கிறார். ஊருக்குள் ஒரு நிறுவனம் 101 சொன்னால் 1,01,000 ரூபாய். ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம், இரண்டு ரசீதிலும் கமிஷன் பூஜ்யம்! விமான நிலையத்தில் கடை வாடகை அதிகம் என்பது உண்மை. பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட பயணி வேறு கடை தேடிப் போகமாட்டார் என்பதும் விலை வைப்பவருக்குத் தெரியும். எல்லா விமான நிலையமும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. கொழும்புக்குப் போகிறவர்கள் கட்டுநாயக்க விமான நிலைய வங்கி கவுன்ட்டர்களில் நகரத்து விலையை ஒட்டியே மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அது விதிவிலக்கு.

எனவே பயணத்துக்கு நாலைந்து நாள் முன்பே, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு ஒரே மணி நேரத்துக்குள் போன் போட்டு விலை கேட்பது நல்லது. கேட்கும் விதமும் முக்கியம். 'இன்றைக்கு என்ன ரேட்' என்று கேட்பதைவிட, 'எல்லாம் சேர்த்து 1,000 யூரோவுக்கு நான் எவ்வளவு தர வேண்டும்' என்று கேட்டால் ஒளிந்திருக்கும் கட்டணமெல்லாம் வெளியே வந்துவிடும். பத்து இருபது பைசா குறைக்கச் சொல்லிப் பேரமும் பேசலாம். இந்தத் தொழிலில் அது சகஜம். ஜிஎஸ்டி பெரிய சுமை இல்லை: ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் 0.18 சதவீதம், குறைந்தபட்சம் 45 ரூபாய். ரொக்கமாகக் கொடுப்பதானால் 50,000 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் வங்கிக் கணக்கிலிருந்துதான். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகக் கொண்டுபோக முடியாது. ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தர்றேன்' என்கிறவரிடம் போகாமலிருப்பதே நல்லது. அது சட்டத்துக்குப் புறம்பானது. கள்ள நோட்டு வந்தாலும் கேட்க நாதி இருக்காது.

எந்த நாணயத்தை இங்கேயே வாங்குவது? சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட், திர்ஹாம், யூரோ போன்றவை தமிழ்நாட்டு நகரங்களில் தாராளமாகப் புழங்குகின்றன, நேரடியாக வாங்கிவிடலாம். வியட்நாம் டாங், இந்தோனேசிய ரூபியா போன்றவற்றுக்கு இங்கே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிக அதிகம். அமெரிக்க டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதில், இரண்டு முறை மாற்றினாலும், பெரும்பாலும் லாபம். அப்போது 100 டாலர் நோட்டாக, மடிப்பும் கறையும் இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும். பாங்காக்கில் பெயர்பெற்ற நாணய மாற்றுக் கடைகளின் விலைப்பலகையைப் பார்த்தால் விளங்கும்: 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20, 10 டாலருக்கு அதைவிடக் குறைவு, ஒரு டாலர் நோட்டுக்கு இன்னும் குறைவு. பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டை வாங்க மறுக்கவும் செய்வார்கள்.

இனி கார்டு. சம்பளக் கணக்கின் சாதாரண டெபிட் கார்டையோ கிரெடிட் கார்டையோ வெளிநாட்டில் தேய்த்தால், இந்திய வங்கிகள் பொதுவாக 3.5 சதவீதம் வரை 'மார்க்அப்' வசூலிக்கின்றன. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 4.13 சதவீதம். நம் 1,000 யூரோ 1,04,130 ரூபாய் ஆகிவிடுகிறது. மார்க்அப் இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் அன்றைய விலையே கணக்கிடப்படும். அது நடு விலைக்கு மிக அருகில் இருக்கும். வெளிநாட்டில் செலவு செய்ய இன்றைக்கு இதைவிட மலிவான வழி அநேகமாக இல்லை. ஆண்டுக் கட்டணம் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். விமானம் ஏறிய பிறகு இது நினைவுக்கு வந்தால் தலைவலிதான்.

ஃபாரெக்ஸ் கார்டு என்பது முன்கூட்டியே வெளிநாட்டு நாணயத்தை ஏற்றி வைத்துக்கொள்ளும் கார்டு. ஏற்றும் நாளில் விலை உறுதியாகிவிடுகிறது. பயணத்தின் நடுவில் ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. ஆனால் கார்டில் டாலரை ஏற்றிவிட்டு தாய்லாந்தில் பாட்டில் செலவழித்தால், ஒரு நாணயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மறுபடியும் 3.5 சதவீதம் வரை போய்விடும். போகிற நாட்டின் நாணயத்தையே ஏற்ற முடிந்தால்தான் இந்தக் கார்டால் பலன். ஏற்றும் விலையையும் நடு விலையோடு ஒப்பிடாமல் விடக்கூடாது. 'ஜீரோ மார்க்அப்' என்று விளம்பரம் செய்துவிட்டு ஏற்றும் விலையில் இரண்டு ரூபாய் கூட்டி வைப்பதும் நடக்கிறது.

கார்டு வைத்திருப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பிய நகரம் ஒன்றில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சதுக்கத்தில், எந்த வங்கியின் பெயரும் இல்லாத ஓர் ஏடிஎம். கார்டைச் செருகி, ரகசிய எண்ணைப் போட்டு, 200 யூரோ கேட்டால், பணம் வருவதற்கு முன் திரை நிற்கும். உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழிக்கப்படும், சம்மதமா என்று கேட்கும். இந்திய கார்டு என்பதை இயந்திரம் கண்டுபிடித்துவிட்டது. 'மாற்றத்தை ஏற்கிறேன்' என்ற பொத்தான் பளிச்சென்று இருக்கும்; 'மாற்றம் வேண்டாம்' என்பது மங்கலாக ஓரத்தில் கிடக்கும். வேண்டாம் என்றால் பணமே வராதோ என்று பயந்து, பலர் ஏற்கிறேன் என்பதை அழுத்திவிடுகிறார்கள். வேண்டாம் என்று அழுத்தினாலும் அதே 200 யூரோ வரும். விலையைக் கணக்கிடுவது ஏடிஎம்காரரா, கார்டு நிறுவனமா என்பதுதான் வித்தியாசம். ஏடிஎம்காரரின் கணக்கில் சாதாரணமாக நாலைந்து சதவீதம் கூடும். சில இடங்களில் பத்து சதவீதத்தையும் தாண்டும். கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஸ்வைப் இயந்திரத்தை நீட்டி 'ரூபாயிலா, யூரோவிலா' என்று கேட்பது இதேதான். ரூபாயில் என்று சொன்னாலும் நம் ஊர் வங்கிகள் பல அதற்கும் தனிக் கட்டணம் போடுகின்றன, ஆக இரண்டு பக்கமும் அடி. எங்கே கேட்டாலும் அந்த நாட்டு நாணயத்தையே சொல்ல வேண்டும். இது பெருந்தொல்லையாகி, ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையைவிட எத்தனை சதவீதம் கூட்டியிருக்கிறது என்பதைத் திரையில் காட்டியாக வேண்டும் என்று சட்டமே போட்டது. அது ஒன்றியத்து நாணயங்களுக்கு இடையிலான மாற்றத்துக்கான சட்டம். ரூபாய்க்காரருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

தாய்லாந்து ஏடிஎம்களின் தொல்லை வேறு. வெளிநாட்டு கார்டில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பெரும்பாலும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடித்துக்கொள்கின்றன, தொகை சிறிதோ பெரிதோ. 2,000 பாட் எடுத்தால் 11 சதவீதம் போய்விடும். 20,000 பாட்டாக எடுத்தால் 1.1 சதவீதம்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதோ உயிர்போகிற அவசரத்துக்கு மட்டும்தான். தனிக் கட்டணம் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

யுபிஐ இப்போது கடல் கடந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் பாரீஸின் ஈஃபில் கோபுரத்திலும், அதே மாதம் இலங்கையிலும் மொரீஷியஸிலும் அறிமுகமானது. பூட்டான், நேபாளம், ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் குறிப்பிட்ட கடைகளிலும் செல்லும். கொழும்பில் ஒரு கடையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பின் எண் போடும் முன்பே எத்தனை இந்திய ரூபாய் என்று திரையில் தெரிந்துவிடும். அந்தத் தொகையில் வங்கியின் மார்க்அப்பும் இருக்கலாம் என்பதால் நடு விலையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா என்று ஒரு வாரம் போகும் குடும்பத்துக்கு இந்தப் பங்கீடு பொருந்தும். டாக்ஸிக்கும் சாப்பாட்டுக் கடைக்குமாக இரண்டு நாள் செலவுக்கு ஊரிலேயே வாங்கிய நோட்டு. மற்றதெல்லாம் மார்க்அப் இல்லாத கார்டில். ஹோட்டல் முன்பணத்துக்கு மட்டும் கிரெடிட் கார்டைக் கொடுப்பது நல்லது. அறையைக் காலிசெய்யும்வரை ஹோட்டல் ஒரு தொகையை முடக்கி வைக்கும். ஃபாரெக்ஸ் கார்டு என்றால் சொந்தப் பணம் முடங்கி, விடுபடப் பல நாள் ஆகலாம். இரண்டு கார்டுகளையும் ஒரே பர்ஸில் வைக்கக்கூடாது.

பெரிய தொகை செலவழிப்பவர்களுக்கு வரியும் உண்டு. 2025 ஏப்ரல் முதல், நோட்டாகவும் ஃபாரெக்ஸ் கார்டாகவும் ஒரு நிதியாண்டில் வாங்குவது 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம்.

மிஞ்சும் பணத்திலும் கவனம் தேவை. சில்லறைக் காசுகளை நாணய மாற்றுக் கடைகள் பொதுவாக வாங்குவதில்லை. அவற்றை அங்கேயே கடைசிக் காபிக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் தீர்த்துவிட வேண்டும். நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை நாடு திரும்பிய 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். அப்போது பலகையின் 'வாங்கும் விலை' வரிசைதான் நமக்குப் பொருந்தும், அது எப்போதும் நடு விலைக்குக் கீழே. இரண்டு ஆண்டுக்குள் மறுபடியும் அதே நாட்டுக்குப் போவது நிச்சயம் என்றால், அந்த 2,000 டாலர் வரம்புக்குள் உள்ள நோட்டை விற்காமல் வைத்திருப்பதே லாபம்.