கல்கத்தா கோப்பை: உருக்கிய வெள்ளி ரூபாய்கள்

1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் நடந்த ரக்பி ஆட்டம் தந்த உற்சாகத்தில், அடுத்த மாதமே கல்கத்தா ஃபுட்பால் கிளப் பிறந்தது, 1878இல் கலைந்தது. வெயில்தான் காரணம் என்பார்கள். அந்த வெயிலில் கொல்கத்தா இன்றும் ரக்பி ஆடுகிறது. கிளப்பில் தந்த இலவச மது நிறுத்தப்பட்டதும் உறுப்பினர்கள் விலகியது உண்மை. ஆனால், ஆட்டக்காரர்களைத் தந்த பிரிட்டிஷ் படைப்பிரிவு இடம்பெயர்ந்ததே பெரிய அடி என்று கருத வேண்டும். சம்பளமில்லாமல் ஆடும் கிளப்புக்கு வேர், ஊரிலேயே தங்கி முதிரும் ஆட்டக்காரர்கள்தான். கல்கத்தாவில் ஆடியவர்களோ என்றாவது ஊர் திரும்ப வேண்டியவர்கள்.

வயதானவர்களுக்கு இந்த முரட்டு ஆட்டம் ஆகாது என்ற மறுப்பு எழலாம். விதியை மாற்றினால் ஆகும்: 1979இல் ஆக்லாந்தில் தொடங்கிய மூத்தோர் ரக்பி விழாவில் கால்சட்டையின் நிறமே வயதைச் சொல்லும், மிக மூத்தவரை யாரும் மோதி வீழ்த்தக்கூடாது. கல்கத்தா கிளப்புக்கு அத்தகைய முதுமை வாய்க்கவில்லை. என்றாலும், கலைந்தபோது அது பெருந்தன்மையோடு நடந்துகொண்டது. வங்கியில் மிஞ்சிய பணத்தை 270 வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட கோப்பையாக்கி இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு அளித்தது. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கோப்பைக்காகவே மோதுகின்றன.