பிளக் இங்கே... புகை அங்கே!

எலக்ட்ரிக் காருக்குப் புகைக்குழாய் கிடையாது என்று ஷோரூமில் சொல்வார்கள். நம்பாதீர்கள். இருக்கிறது. நீளம்தான் கொஞ்சம் ஜாஸ்தி!

அம்பத்தூரில் நீங்கள் செருகும் பிளக்கைப் பிடித்துக்கொண்டு கம்பி வழியாகவே போனால், பெரும்பாலும் ஏதாவது ஓர் அனல் மின்நிலையத்தின் சிம்னியில் போய் முட்டிக்கொள்வீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் என்றால் அது அத்திப்பட்டுப் பக்கம். அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. ஏரி, இறால், பூநாரை, வலை காயும் குப்பங்கள்.

'இந்தியா எலக்ட்ரிக் காருக்கு ரெடியா?' என்ற கேள்வியை எல்லோரும் ஷோரூமில் நின்றுதான் கேட்கிறார்கள். ஒரு மாறுதலுக்கு அந்த ஏரிக்கரையில் நின்று கேட்டுப் பார்ப்போமே!

கான்டீன் கணக்கு

முதலில் நம்ம ஆபீஸ் கான்டீன் கணக்கு. ஏனென்றால், காற்று மாசு, கடல் மாசு எல்லாம் அப்புறம்... பர்ஸ் மாசுபடாமல் இருக்க வேண்டுமே!

வீட்டிலிருந்து ஆபீஸ் 20 கிலோமீட்டர். போக வர 40. மாதம் 25 நாள். ஆக 1,000 கிலோமீட்டர். பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால், மாதம் 62 லிட்டருக்கு மேல். லிட்டர் நூறு ரூபாய் என்றால், ஆறாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் காலி.

எலக்ட்ரிக் காரில் நூறு கிலோமீட்டருக்கு சுமார் 15 யூனிட். அப்படியானால் மாதம் 150 யூனிட். இரண்டு மாத கரண்ட் பில்லில் 300 யூனிட் எகிறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாபும் மாறும். எனவே தாராளமாக யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 1,500 ரூபாய். மாதம் 4,750 ரூபாய் மிச்சம்!

உடனே புக் பண்ணப் போனை எடுக்காதீர்கள். ஒரே மாடலில் பெட்ரோல் வண்டிக்கும் மின்சார வண்டிக்கும் சில லட்சம் வித்தியாசம் வரும். மூன்று லட்சம் என்று வையுங்கள். அந்த மூன்று லட்சத்தை இந்த மிச்சத்தில் எடுக்க அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகும். மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான். சின்ன பெட்ரோல் காருக்கு 28-ஆக இருந்ததை 2025 செப்டம்பரில் 18-ஆகக் குறைத்துவிட்டார்கள். அதனால் போட்டி இன்னும் கடுமை.

இதெல்லாம் வீட்டிலேயே பிளக் பாயிண்ட் இருப்பவர் கணக்கு. வாடகை வீடு, தெருவில் பார்க்கிங் என்றால்? வெளியே ஃபாஸ்ட் சார்ஜிங்தான் கதி. யூனிட் 20 ரூபாய் என்றால் மிச்சம் 3,250 ஆகக் குறையும். வித்தியாசத்தை எடுக்க ஏழரை வருஷத்துக்கு மேல். பல கம்பெனிகள் பேட்டரிக்குத் தரும் வாரண்டியே எட்டு வருஷம்தான்!

ஆகவே, கான்டீன் தீர்ப்பு: சொந்த வீடும் சொந்த ஷெட்டும் இருப்பவருக்கு ஓ.கே. மேன்ஷன்வாசிகள் வெயிட் பண்ணவும்.

நார்வேயும் நாமும்

மின்சார வண்டி நமக்கு ஒன்றும் புதுசில்லை. 1895-லேயே மதராஸில் எலக்ட்ரிக் டிராம் ஓடியது. 1953-ல் கம்பெனி நொடித்துப் போய் நிறுத்தினார்கள். 2001-ல் பெங்களூரில் 'ரேவா' என்று ஒரு குட்டி எலக்ட்ரிக் கார் வந்தது. பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு. 2020-ல் டாடாவின் நெக்ஸான் மின்சார மாடல் வந்த பிறகுதான் விற்பனை சூடு பிடித்தது. அப்படியும் 2024-25-ல் நாடு முழுக்க விற்ற மின்சாரக் கார்கள் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நூறு கார் விற்றால், இரண்டரை!

நார்வேயில் 2024-ல் விற்ற நூறு புதுக் கார்களில் கிட்டத்தட்ட 89 எலக்ட்ரிக். 'பார்த்தீர்களா!' என்று புள்ளிவிவரத்தை நம் மூஞ்சியில் எறிகிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நார்வேயின் மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அருவியிலிருந்தும் அணையிலிருந்தும் வருகிறது. நம்முடையதில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு நிலக்கரி. அங்கே பிளக்கின் மறுமுனையில் தண்ணீர். இங்கே மறுமுனையில் சாம்பல்.

அதே சமயம் நாம் ஒரேயடியாக மக்கும் இல்லை. 2024-25-ல் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரம்தான். ஆட்டோக்காரர் கணக்குப் பார்த்தார், மாறிவிட்டார். கார்க்காரர்தான் இன்னும் யூட்யூபில் ரிவ்யூ பார்த்துக்கொண்டிருக்கிறார்!

ஏரிக்கரைக் கணக்கு

இப்போது வடக்கே வாருங்கள்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பழவேற்காடு. அதிலிருந்து தெற்கே பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவே போனால் எண்ணூர் கழிமுகமும் கொசஸ்தலை ஆறும். இந்த வழி நெடுக மீன்பிடி கிராமங்கள். இதே வழியில்தான் வட சென்னை அனல் மின்நிலையம், வல்லூர் அனல் மின்நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எல்லாம்.

வட சென்னை மின்நிலையம் 1994-ல் ஓட ஆரம்பித்தது. முதல் கட்டம் 630 மெகாவாட். பிறகு 1,200 மெகாவாட் சேர்ந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு 800 மெகாவாட் யூனிட்டைத் திறந்து வைத்தார்கள். ஒடிசா நிலக்கரி கப்பலில் எண்ணூருக்கு வந்து இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அதே காமராஜர் துறைமுகத்திலிருந்துதான் நம் ஊர்க் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. கரி உள்ளே, கார் வெளியே!

உங்கள் 150 யூனிட்டுக்கு வருவோம். முக்கால் பங்கு நிலக்கரி என்றால், எரிவது சுமார் 80 கிலோ. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பலே நூற்றுக்கு முப்பதுக்கு மேல். ஆக, நீங்கள் ஆபீஸ் போய் வர மாதம் சுமார் 25 கிலோ சாம்பல். அரை மூட்டை சிமெண்ட் எடை! அதில் ஒரு பகுதி நிஜமாகவே சிமெண்டாகவும் செங்கல்லாகவும் மாறுகிறது. மீதி, தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் கசிந்தால்? கொசஸ்தலையில் கலக்கும். வருஷக்கணக்கில் அப்படிக் கலந்து, ஆழமாக இருந்த இடமெல்லாம் மேடாகி, இறாலும் நண்டும் குறைந்துவிட்டன என்பது மீனவர்களின் நெடுநாள் புகார். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், 2022-ல் கசிவை நிறுத்தி ஆற்றைச் சீர்செய்ய உத்தரவு வந்தது.

"அப்ப பெட்ரோல் காரே தேவலை போலிருக்கே ஸார்!" என்கிறீர்களா?

அவசரப்படாதீர்கள். 2017 ஜனவரியில் இதே காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கடலில் எண்ணெய் கொட்டியது. வாளி வாளியாக அள்ளினார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பு. பெட்ரோலின் மறுமுனையும் இதே தண்ணீரில்தான் இருக்கிறது.

கரியமில வாயுக் கணக்கில் மின்சாரக் கார் ஜெயிக்கிறது. 62 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 140 கிலோவுக்கு மேல். நம்ம நிலக்கரி மின்சாரம் 150 யூனிட்டுக்கு சுமார் 105 கிலோ. பேட்டரி செய்வதற்கு ஆகும் புகை தனி என்றாலும், ஓட ஓட அது ஈடாகிவிடும். காற்றாலையும் சோலாரும் கூடக் கூட இந்த 105 இறங்கிக்கொண்டே போகும். பெட்ரோலின் 140 இறங்கவே இறங்காது. வித்தியாசம் அங்கேதான்!

பாடு

சரி, இதற்கு வழி? ஏரிக்கரையிலேயே ஒரு வழி இருக்கிறது.

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு. இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் ஒருத்தருக்கும் உருப்படியாகக் கிடைக்காது. எனவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மக்கள் முறை வைத்துக்கொண்டார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் முறை என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது.

மின்சாரத்துக்கும் இதே புத்திதான் வேண்டும். சாயந்திரம் ஏழு மணிக்கு எல்லோரும் வீடு திரும்பி, ஃபேன், ஏ.ஸி., டி.வி. எல்லாவற்றையும் போடுகிறோம். சூரியன் டூட்டி முடிந்து போய்விட்ட நேரம் அது. கூடவே காரையும் சொருகினால், அந்தக் கூடுதல் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரி. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கோ சோலார் மின்சாரம் கொட்டுகிறது. கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சோலார் வந்துவிட்டது. தமிழ்நாட்டின் காற்றாலைகள் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டியாயிற்று. மத்திய மின்துறை 2024-ல் தந்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பொது சார்ஜிங் நிலையத்துக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரம் மலிவு, மற்ற நேரம் கூடுதல்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் கார் எங்கே இருக்கும்? ஆபீஸ் பார்க்கிங்கில், வெயிலில் காய்ந்துகொண்டு! பிளக் இருக்க வேண்டிய இடம் அதுதான். முப்பது கார் நிற்கும் இடத்தில் நாலு பாயிண்ட் இருந்தால்கூட, பாடு முறையில் வாரம் ஒருமுறை, இருமுறை என்று பிரித்துக்கொள்ளலாம். வண்டிக்கு வாரம் ரெண்டு தடவை தீனி போட்டால் தாராளம்.

பாட்டில் ஒரு குறையும் உண்டு. அந்த மூன்று குப்பங்களில் பிறக்காதவர்களுக்கு முறை கிடையாது. அவர்கள் மனத்தாங்கலும் ஏரியளவு பழசு. சார்ஜிங்கிலும் அதே கதைதான். ஷெட் உள்ளவருக்கு முறை உண்டு. மேன்ஷன்வாசிக்கு இல்லை. 2024 கடைசியில் நாடு முழுக்கப் பொது சார்ஜிங் நிலையங்கள் சுமார் 25,000. குட்டி நெதர்லாந்தில் பொது பாயிண்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அங்கே பல ஊர்களில், வீட்டில் பார்க்கிங் இல்லாதவர் மனுப் போட்டால் தெருவிலேயே பாயிண்ட் வைத்துத் தருகிறார்கள். யார் இந்த நெதர்லாந்துக்காரர்கள்? 1613-ல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டை கட்டினார்களே, அதே டச்சுக்காரர்கள்! கோட்டையை விட்டுவிட்டுப் போனவர்கள் இந்த ஐடியாவையும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

ரெடியா, இல்லையா?

கார் ரெடி. ஆட்டோ எப்போதோ ரெடி. படகுகூட ரெடி! கேரளத்தில் வைக்கம் - தவணக்கடவு இடையே 2017-லிருந்து 'ஆதித்யா' என்ற 75 பேர் படகு சூரிய சக்தியில் ஓடுகிறது. எஞ்சின் எண்ணெய்க்கே பாதி வருமானத்தைக் கொட்டும் மீனவருக்கு அப்படி ஒன்று கட்டுப்படியாகும் விலையில் வந்தால், காரைவிட அதுதான் பெரிய செய்தி.

ரெடி இல்லாதது பிளக்தான். அதன் இந்த முனையும், அந்த முனையும்.

அந்த முனையை அரசாங்கம் பார்க்க வேண்டும். சாம்பல் ஆற்றில் இறங்காமல் இருப்பதும், நிலக்கரி குறைவதும் நம் கையில் இல்லை. இந்த முனை நம் கையில் இருக்கிறது. அடுத்த தடவை ஆபீஸில் 'ஏதாவது ஆலோசனை உண்டா?' என்று ஹெச்.ஆர். கேட்டால், கான்டீன் காபியைப் பற்றியே சொல்லாமல், பார்க்கிங்கில் நாலு சார்ஜிங் பாயிண்டும் மேலே சோலார் கூரையும் கேளுங்கள். காருக்கு நிழல், கம்பெனிக்குப் பெயர், உங்களுக்கு மிச்சம்.

பழவேற்காட்டு இறாலுக்கும் கொஞ்சம் மூச்சு. அதை வறுத்துச் சாப்பிடப் போகிறவரும் நீங்கள்தானே!