ஒரே குண்டு... உயரத்தில் தேங்காய்!

பெங்களூரிலிருந்து மேற்கே சுமார் 250 கிலோ மீட்டர் போனால் குடகு. காவிரி பிறக்கும் மண். காப்பித் தோட்டங்களில் நம்மவர்கள் பலர் உழைக்கும் ஊர். அங்கே பல வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் குற்றம் இல்லை!

இது எப்படி?

கப்பன் காலத்துச் சலுகை

கப்பன் பார்க் தெரியாத பெங்களூர்த் தமிழர் உண்டா? அந்தப் பூங்காவின் பெயருக்கு உரியவர் மார்க் கப்பன். அவர் கமிஷனராக இருந்த 1861-ஆம் ஆண்டில்தான் ஆயுதச் சட்டத்திலிருந்து குடகருக்கு விலக்கு கிடைத்தது. 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்த பிறகும் அது நீடித்தது. குடவ இனத்தவர், ஜம்மா நிலம் உடையவர் ஆகியோருக்கே இச்சலுகை. 2019-ல் மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்தது. "இவர்களுக்கு மட்டும் ஏன்?" என்று தொடுத்த வழக்கை 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

துப்பாக்கிக்குப் பூ

நாற்று நட்டு முடிந்ததும், செப்டம்பர் 3-ல் கைல்போது பண்டிகை. 'கைல்' என்றால் ஆயுதம். நமது ஆயுத பூஜை போலத்தான். துப்பாக்கியைத் துடைத்து, சந்தனம் இட்டு, குழலில் 'தோக் பூ' செருகுகிறார்கள். அது வேறொன்றும் இல்லை. தமிழ்நாட்டின் மாநில மலரான நம் செங்காந்தள்!

பிறகு மரத்தின் உச்சியில் தேங்காயைக் கட்டிச் சுடுவார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி. வீட்டில் சாவு என்றால் இரண்டு வெடி. ஊருக்கு அதுவே தந்தி.

ஈயக் குண்டு

பழைய துப்பாக்கிகள் ஒற்றைக் குழல் கொண்டவை. வாய் வழியாக மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். குண்டை வீட்டிலேயே வார்த்தார்கள். ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். விறகு அடுப்பே போதும். குறடு போலத் திறந்து மூடும் அச்சில் ஊற்றினால், ஆறியதும் உருண்டை குண்டு.

இவ்வகைத் துப்பாக்கிக்கு மெதுவான ஈயமே ஏற்றது. வேகமாகச் சுடும் ரைபிளுக்கோ அது ஆகாது. உட்குழலின் வரிகளில் உரசி ஒட்டிக்கொள்ளும். அதனால் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கெட்டியாக்குவார்கள். ஒரு காலத்தில் நாளேடுகளை அச்சடித்த ஈய எழுத்தும் இதே கலவைதான்!

ஒருமுறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். குறி தப்பினால் காட்டுப் பன்றி காத்திருக்காது. கை அவசரப்படாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தது இந்த ஒற்றைக் குண்டுதான்.

சிறிய குண்டு, பெரிய பதக்கம்

இன்றைய தேங்காய்ப் போட்டிகளில் பாயின்ட் 22 ரைபிளுக்குத் தனிப் பிரிவு உண்டு. குண்டின் குறுக்களவு 5.6 மில்லி மீட்டர். எடை சுமார் இரண்டரை கிராம். ஆனால் குறி தப்பினால் ஒரு கிலோ மீட்டருக்கு அப்பாலும் பாயும்! ஒலிம்பிக்கின் 50 மீட்டர் போட்டியிலும் இதே அளவுக் குண்டுதான். ஒவ்வொன்றாகப் போட்டே சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்பிரிவில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர்!

நமக்கு ஒரு எச்சரிக்கை

குடகில் வேலை செய்வதால் மட்டும் இந்தச் சலுகை நமக்கு வந்துவிடாது. "முதலாளி வீட்டுத் துப்பாக்கிதானே, பன்றியை விரட்டத்தானே" என்று எடுத்துப் போனால் வழக்கு நம் தலையில்தான் விழும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரித்தால், 2019 திருத்தத்தின்படி குறைந்தது ஏழு ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரை போகலாம்.

ஈயம் உருக்கும் இடத்தில் குழந்தைகளை விடவே கூடாது. அதன் புகையும் தூசியும் உடலில் சேர்ந்தால் பிஞ்சு மூளையைக் கெடுக்கும்.

தேங்காய் சிதறுவதைக் கண்டு கை தட்டுவோம். துப்பாக்கியை அதற்கு உரியவர் கையிலேயே விட்டுவிடுவோம்.