மாண்ட்ரியலின் முதல் வீரர்: அன்றும் இன்றும்

1944 மார்ச் 23. மாண்ட்ரியல் ஃபோரம் அரங்கில் டொராண்டோவுக்கு எதிரான ஸ்டான்லி கோப்பைச் சுற்று ஆட்டம் முடிந்திருந்தது. அன்றைய ஆட்டத்தில் சிறந்து விளங்கிய மூவரை ‘நட்சத்திரங்கள்’ என்று அறிவிப்பது ஐஸ் ஹாக்கியின் பழைய வழக்கம். மூன்றாம் நட்சத்திரம் மோரிஸ் ரிஷார் என்றார்கள். இரண்டாம் நட்சத்திரம் யார்? ரிஷார். முதல் நட்சத்திரமும் அவரே. மாண்ட்ரியலின் கனடியன்ஸ் அணி 5-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் ஐந்து கோலும் அவர் அடித்தவை.

யார் பெரியவர் என்ற கேள்விக்கு அன்று கண்ணே போதுமான சாட்சி. அதற்குக் காரணமும் இருந்தது. 1942 முதல் 1967 வரை கனடியன்ஸ் ஆடிய என்.எச்.எல். லீகில் ஆறே அணிகள். 1940களின் பின்பாதியிலிருந்து ஒரு பருவத்துக்குப் பத்து ஆட்டங்களுக்கு மேல் அதே எதிரியோடு ஆட வேண்டியிருந்தது. 70 ஆட்டங்கள் என்றானபோது அது 14 ஆகியது. அதில் ஏழு சொந்த ஊரில். ஃபோரத்தில் சீட்டு வைத்திருந்தவர் டெட்ராய்ட்டின் கார்டி ஹோவை ஆண்டுக்கு ஏழு முறை நேரில் பார்த்துவிட்டு, ரிஷாரோடு ஒப்பிட்டுப் பேசினார். இன்று 32 அணிகள், 80க்கு மேற்பட்ட ஆட்டங்கள். எட்மண்டனின் கானர் மெக்டேவிட் மாண்ட்ரியலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். மற்ற நாள்களில் அவரைத் திரையில்தான் பார்க்கிறோம். ஆனால் எல்லா ஆட்டங்களையும் பார்க்கலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடியும் பார்க்கலாம். அந்த வசதி ஃபோரத்து ரசிகருக்குக் கிடையாது.

எண்களும் அன்று குறைவு. கோல் எத்தனை, கோலுக்கு வழிசெய்த பாஸ் எத்தனை, பெரும்பாலும் அவ்வளவுதான். 1944-45இல் ரிஷார் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்தார். போர்க்காலம், நல்ல வீரர்கள் பலர் படையில் இருந்தார்கள் என்று அப்போதே அதைக் குறைத்துப் பேசியவர்கள் உண்டு. போர் முடிந்து வீரர்கள் திரும்பிய பிறகும், 1981இல் மைக் பாஸி வரும்வரை 50 ஆட்டத்தில் 50 கோலை இன்னொருவர் எட்டவில்லை. அந்த வாதத்துக்கு இந்த ஒரு பதில் போதும் என்று நினைக்கிறேன்.

காலத்தைக் கழித்துப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். 1928-29இல் கனடியன்ஸ் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்களில் 22இல் ஒரு கோலும் விடவில்லை. எதிரணி எல்லைக்குள் ‘பக்’ எனும் ஆட்டத் தட்டைச் சக வீரருக்கு முன்னோக்கிப் பாஸ் செய்ய அன்று அனுமதி இல்லை. அடுத்த பருவத்திலேயே விதி மாறியது, கோல்கள் பெருகின. இப்படிப்பட்ட திருத்தங்களைச் செய்து ஒரு காலத்தை இன்னொரு காலத்தோடு நிறுத்துப் பார்க்க இன்றைய புள்ளிவிவர ஆய்வாளர்களுக்குத் தெரியும். இது உண்மையான ஆதாயம்.

கோல்கீப்பர்களுக்கு அந்த ஆதாயம் இன்னும் பெரிது. கென் டிரைடன் 397 ஆட்டங்களில் 57இல் மட்டுமே தோற்றார். எட்டுப் பருவங்களில் ஆறு கோப்பைகள். கேரி பிரைஸ் 361 வெற்றிகளோடு கனடியன்ஸின் எல்லாக் கோல்கீப்பர்களையும் முந்தியவர், ஆனால் கோப்பை ஒன்றுகூட இல்லை. பழைய முறையில் கோப்பையை எண்ணிப் பிரைஸை ஒதுக்கியிருப்பார்கள். டிரைடனுக்கு முன்னால் நின்றது கீ லஃப்லர், ராபின்ஸன் போன்ற பெரிய வீரர்கள் ஆடிய அணி. பிரைஸுக்கு முன்னால் நின்றது பல ஆண்டுகள் சாதாரண அணி. தடுத்த ஷாட்டுகளின் விகிதத்தைப் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிகிறது.

ஆனால் எண்கள் கைவிடும் ஒருவரும் இருக்கிறார். தடுப்பாட்டக்காரர் டக் ஹார்வி. தம் அணியின் கோல் பக்கத்தில் பக்கை எடுத்துக்கொண்டு, எதிரிகள் நெருங்கும்வரை அவசரப்படாமல் வைத்திருந்து, சரியான நொடியில் முன்கள வீரருக்கு அனுப்புவார். ஆட்டம் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அவர் கணக்கில் இருப்பது 88 கோல். ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை கோல் போட்டது, எத்தனை வாங்கியது என்ற கணக்கை லீக் 1967-68இல்தான் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. அப்போது ஹார்வியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இன்று பக்குக்குள்ளும் வீரரின் சட்டையிலும் சென்சார் வைத்து ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்கிறார்கள். ஹார்வியின் மிகச் சிறந்த ஆயிரக்கணக்கான நிமிடங்கள் இத்தகைய எந்தப் பதிவிலும் இல்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை ஏழு முறை அவருக்குக் கொடுத்தவர்கள் கண்ணால் பார்த்துக் கொடுத்தவர்கள். 1957இல் வீரர்கள் சங்கம் அமைக்க முன்னின்றவர்களில் ஒருவர்; 1961இல் நியூயார்க் அணிக்கு அனுப்பப்பட்டார். அவருடைய 2ஆம் எண்ணுக்கு ஓய்வளித்து மரியாதை செய்ய அணி 1985 வரை எடுத்துக்கொண்டது. அது மிகவும் தாமதம்.

கண்ணால் பார்க்கும் முறை, எண்ணிப் பார்க்கும் முறை இரண்டுமே ழான் பெலிவோவை ஏற்றுக்கொள்கின்றன. 1955 நவம்பர் 5, பாஸ்டனுக்கு எதிராக. எதிரணியில் ஆள் குறைந்திருந்த வேளையில் 44 நொடிகளில் மூன்று கோல் அடித்தார். தண்டனை பெற்ற வீரர் எத்தனை கோல் விழுந்தாலும் இரண்டு நிமிடம் வெளியிலேயே இருக்க வேண்டிய காலம் அது. ஒரு கோல் விழுந்ததும் அவர் திரும்பிவிடலாம் என்று அடுத்த பருவத்தில் விதியை மாற்றினார்கள். 507 கோல், வீரராகப் பத்துக் கோப்பை, பத்தாண்டுத் தலைமை.

மோரிஸ் ரிஷாரின் 544 கோலும் அட்டவணையில் இருக்கிறது. 1955 மார்ச் 17 அட்டவணையில் இல்லை. பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் அவர் ஆடக் கூடாது என்று லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் தடை விதித்த மறுநாள், பிரெஞ்சு பேசும் மாண்ட்ரியல் தெருவில் இறங்கிக் கொந்தளித்தது. ஆங்கிலம் பேசும் முதலாளிகளின் நகரத்தில் தங்களுக்குக் கிடைத்த அவமதிப்பாக அதை எடுத்துக்கொண்டார்கள். 1996 மார்ச் 11, ஃபோரத்தின் கடைசி ஆட்ட நாள். ஓய்வு பெற்று 35 ஆண்டுகளுக்கு மேலான ரிஷாரைக் கண்டதும் எழுந்து நின்ற கூட்டம் பல நிமிடங்கள் கைதட்டலை நிறுத்தவில்லை. அவர் ஆடியதையே பார்த்திராதவர்கள் அதில் எத்தனையோ பேர்.

1993க்குப் பிறகு கோப்பை வெல்லாமல் 24 கோப்பைகளோடு நிற்கும் அணி கனடியன்ஸ். புதிய வீரர்களை நுட்பமாக அளக்கிறோம். ஊரே ஒரு பெயரைச் சொல்லும் நிலை இப்போது இல்லை. என்னைக் கேட்டால் முதலிடம் ரிஷாருக்கு, இரண்டாமிடம் பெலிவோவுக்கு. மூன்றாமிடத்தைப் பலர் கீ லஃப்லருக்குக் கொடுப்பார்கள். நான் ஹார்விக்குக் கொடுக்கிறேன்.