காளத்தியில் ஒரு சித்திரக் குடும்பம்

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்களில் திருப்பதிக்குப் போகாமல் திரும்புவோர் மிகச் சிலரே. மலையேறிப் பெருமாளைச் சேவித்து, திருச்சானூரில் தாயாரை வணங்கியபின், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காளத்திக்கும் ஒரு நடை போய்வருவது வழக்கம். கண்ணப்ப நாயனார் தம் கண்ணையே பெயர்த்து அப்பிய தலம் அது. ராகு கேது பூசை முடிந்ததும் வண்டியேறிவிடுகிறோம். அதே ஊரில், ஒரு மூங்கில் குச்சியைக் கொண்டு துணியில் இராமாயணம் முழுவதையும் தீட்டும் கலைஞர்கள் இருக்கிறார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்தக் கலைக்குக் கலம்காரி என்று பெயர். கலம் என்றால் எழுதுகோல். காரி என்றால் வேலை. இரண்டும் பாரசீகச் சொற்கள். அந்தக் கலை எப்படிப் பிழைத்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அதற்குமுன் இரண்டு அரண்மனைகளைப் பார்த்துவிட்டு வருவோம்.

ரொட்டிக் கூடத்திலிருந்து அரசவைக்கு

முதல் அரண்மனை ஜெர்மனியில் உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் அந்த நாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வோர் அரசருக்கும் ஓர் அரண்மனை, அதற்கென்று ஓவியர்கள். மென்மையான வண்ணங்களும் வளைந்து நெளியும் அலங்காரங்களும் கொண்ட ரொக்கோக்கோ பாணி கொடிகட்டிப் பறந்த காலம். ஹைனா என்ற சிற்றூரின் மருத்துவமனையில் ரொட்டி சுடும் வேலை பார்த்த டிஷ்பைன் என்பவரின் பிள்ளைகளில் பலர் ஓவியரானார்கள். அவர்களில் யோஹான் ஹைன்ரிஷ் டிஷ்பைன் 1753-இல் காஸல் நகர அரசவை ஓவியரானார். அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளும் அதே தொழிலுக்கு வந்தனர். மூன்று தலைமுறைகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் அந்தக் குடும்பத்தில் தோன்றினார்கள். கவிஞர் கேத்தே இத்தாலிய வெளியில் சாய்ந்து அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படம் அவர்களில் ஒருவர் 1787-இல் தீட்டியது.

பெரியவர் யோஹான் ஹைன்ரிஷ் அரசரை மட்டும் நம்பியிருக்கவில்லை. காஸலின் ஓவியக் கல்விக்கூடத்தில் கற்பித்தார். அவருடைய அண்ணன் தம்பி மக்களில் ஒருவர் 1789-இல் நேப்பிள்ஸ் நகரிலும், மற்றொருவர் 1800-இல் லைப்சிக் நகரிலும் கலைக்கூடங்களின் தலைவரானார்கள். வீட்டுத் தொழில் பள்ளிப் பாடமாக மாறியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசோடு மறைந்த புடவை

இரண்டாவது அரண்மனை நம் தஞ்சாவூரில். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்றே ஒருவகைப் புடவை நெய்தார்கள். பருத்தியோடு சரிகையை இழைத்து நெய்து, மெழுகிட்டுச் சாயம் தோய்த்து, சிவப்பு நிறத்தினூடே பொன் மின்னும்படி செய்வார்கள். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் தஞ்சை அரசு முடிந்துபோனது. வாங்குவதற்கு அரண்மனை இல்லை; கருப்பூர்ப் புடவையும் மெல்ல மெல்ல மறைந்தது. அந்தப் பழைய புடவைகளை இன்று அருங்காட்சியகங்களில்தான் பார்க்கவேண்டும். அதை மீட்க முயற்சிகள் நடந்ததுண்டு. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கையோடு வந்த அறிவு ஒருமுறை அறுந்துபோனால் முடிபோடுவது எளிதன்று.

துணியில் எழுதிய கதை

இப்போது காளத்திக்கு வருவோம். காளத்தி, வந்தவாசிப் பகுதிகளை ஆண்ட தாமர்ல குடும்பத்து நாயக்கர்தாம் 1639-இல் சென்னைப்பட்டினக் கரையில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயருக்கு அனுமதி தந்தவர். ஆங்கிலேயர் அந்தக் கரைக்கு வந்ததே துணி வாங்கத்தான். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகள் ஐரோப்பாவில் ஏற்படுத்திய மோகத்தால் உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686-இலும், இங்கிலாந்து 1700-இலும் மறுபடி 1721-இலும் அவற்றுக்கு எதிராகச் சட்டமே போட்டன.

காளத்திக் கலைஞர்களுக்குக் கோயிலும் ஜமீனும் ஆதரவு. தேர்ச்சீலை, கோயில் திரை, கதை சொல்வோர் விரித்துக் காட்டும் நீண்ட துணி ஆகியவற்றை எழுதினார்கள். நடுவில் பெரிய கட்டத்தில் பட்டாபிஷேகம். சுற்றிலும் வரிசை வரிசையாகக் கதைக் காட்சிகள். கீழே தெலுங்கில் விளக்க வரிகள். எழுத்தறியாதவர்களும் கண்ணால் படிக்கும் புத்தகம் அது.

செய்முறையைக் கேட்டால் நம் பாட்டியின் மருந்துப் பெட்டியைத் திறந்ததுபோல் இருக்கும். பருத்தித் துணியை நன்கு அலசி, கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் உருவங்களைக் கோடிட்டுக்கொள்வார்கள். பிறகு கூராகச் சீவிய மூங்கில் குச்சியில், நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் கட்டுவார்கள். சாயத்தில் தோய்த்துக் கம்பளியை விரலால் அழுத்த அழுத்த, மை சீராக இறங்கும்.

துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் புளிக்கவைத்தால் ஒரு கரைசல் கிடைக்கும். கடுக்காய் ஏறிய துணியில் அது பட்டவுடன் கருத்துவிடும். சிவப்புக்குப் படிகாரம். படிகார நீரால் எழுதி, ஓடும் நீரில் அலசி, சாயவேர் அல்லது மஞ்சிட்டியோடு கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பச்சை. ஒவ்வொரு நிறத்துக்கும் அலசல், காய்ச்சல் உண்டு. அலசுவதற்கு ஊரை ஒட்டி ஓடும் பொன்முகலி ஆறு. தெலுங்கில் அதைச் சுவர்ணமுகி என்பார்கள்.

கதவைத் திறந்தவர்கள்

ஆலையில் அச்சடித்த துணி வந்ததும், ஜமீன்களின் செல்வாக்கு சரிந்ததும் இக்கலையைப் பலமாகத் தாக்கின. 1948-இல் வந்த சட்டம் சென்னை மாகாணத்தின் ஜமீன் முறைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. கருப்பூருக்கு நேர்ந்த கதி காளத்திக்கும் நேர்ந்திருக்கும். இக்கட்டான அந்த நேரத்தில் கைவினைகளின் மீட்சிக்கே வாழ்நாளைத் தந்த கமலாதேவி சட்டோபாத்யாய் அவர்களின் முயற்சியால், 1950-களின் பிற்பகுதியில் காளத்தியில் ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. அப்பனிடமிருந்து மகன் மட்டும் கற்றுவந்ததை ஊரார் பிள்ளைகளும் கற்க வழி பிறந்தது.

ஜொன்னலகட்டா லட்சுமய்யா என்ற கலைஞரின் மகன் குரப்பச் செட்டி. தந்தையிடம் தொழில் பயின்ற இவர் பலருக்கும் கற்பித்தார். 2008-இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. இவருடைய மகனும் அதே கலத்தைப் பிடித்தார். 2005-இல் காளத்திக் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த காளத்தி 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

அடுத்தமுறை போகும்போது ஒரு துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அச்சுத் துணியில் ஒரே பூ அச்சு அசலாகத் திரும்பத் திரும்ப வரும். கையால் எழுதியதில் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். இரண்டு மயில்கள் ஒன்றுபோல் இரா. புதிய துணியை முகர்ந்தால் பாலும் கடுக்காயும் கலந்த மணம் வரும். விலை கூடுதல்தான். ஒரு துணி முடிய நாளும் வாரமும் ஆவதை நினைத்தால் பேரம் பேச மனம் வராது.

டிஷ்பைன் குடும்பமும் காளத்திக் குடும்பமும் நமக்குச் சொல்வது ஒன்றுதான். ஆதரித்த அரண்மனை ஒருநாள் போய்விடும். வீட்டுக்குள் பூட்டிவைத்த வித்தையும் அதோடு போய்விடும். பிறருக்குக் கற்றுக்கொடுத்தது நிற்கும். ஊரைவிட்டு வந்த நமக்குத் தமிழும் அப்படித்தான். ஊரும் உறவும் தாமாகவே ஊட்டிய மொழி இங்கே தானாக வராது. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறோம், சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவைத்தால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும்.