முடிவு வெளியான மறுநாள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் எல்லோரும் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்ப்போம். நான் தவறியவர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு மறுநாளே வீடுகளுக்குப் போகிறேன். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்களே உண்டு. அதற்குள் பையன் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் மீட்பது கடினம்.

“எல்லாத்தையும் மறுபடி எழுதணுமா சார்?” என்றே பெற்றோர் கேட்கிறார்கள். தவறிய பாடம் மட்டும் போதும், தேறினால் இந்த ஆண்டே பிளஸ் ஒன் சேரலாம் என்பது பலருக்குத் தெரியாது. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வீட்டில் புதுமைப்பெண் திட்டத்தையும் சொல்கிறேன்: கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய்.

பெரும்பாலும் தவறுவது கணிதத்தில். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்குரிய 35-இல் 16 இங்கேயே கிடைக்கும். முழுப் பாடத்தையும் திருப்ப நேரமில்லை. முதல் வாரம் அளவுகோலும் கவராயமும்தான்.